கேள்வியை முதலில் படி

சலவைக்கூடத்தின் பின்சுவரை ஒட்டினாற்போல் ஓர் அறை. அதில் ஒரு கட்டில், ஒரு ஜன்னல், ஒரு புத்தகம். காலை ஷிஃப்ட் தொடங்குவதற்கு முன்னால் கணவனும் மனைவியும் கட்டிலின் இரண்டு முனைகளில் உட்கார்ந்து இங்கிலீஷ் படித்தார்கள். பேசுவதற்கான இங்கிலீஷ் இல்லை, படித்துப் புரிந்துகொள்வதற்கானது. ஒரு பத்தி கொடுத்திருப்பார்கள். தேனீ எப்படி வீடு திரும்புகிறது, இரும்புப் பாலம் ஏன் வெயிலில் நீள்கிறது என்று ஏதாவது இருக்கும். கீழே கேள்விகள். விடைகள் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் தலைகீழாக அச்சாகியிருக்கும். வாத்தியார் கிடையாது. விடையைத் திருட்டுத்தனமாகப் பார்த்தால் திட்ட ஆளில்லை, பார்க்காமல் எழுதினாலும் மெச்ச ஆளில்லை.

அவன் ட்ரையர் ஓட்டுகிறவன். சலவை இயந்திரத்திலிருந்து பிழிந்து வரும் துணியைப் பெரிய உருளைக்குள் போட்டு, சூடான காற்றில் சுற்றவிட்டு உலர்த்துவது அவன் வேலை. அவள் மடிப்பு மேசையில் நிற்பவள். பகல் முழுக்க நின்று உழைத்தவர்கள் தூக்கத்தைக் குறைத்துக்கொண்டு தேனீயைப் பற்றிப் படித்ததற்குக் காரணம் அவர்களுடைய எட்டு வயது மகள்.

பாய்லருக்குப் பக்கத்தில் இருக்கும் தொழிலாளர் அறைகளில் குழந்தைகள் தங்கக் கூடாது என்பது சலவைக்கூடத்தின் விதி. அதில் தப்புச் சொல்லவும் முடியாது. அதனால் மகள் வேறு ஊரில் அவனுடைய அக்கா வீட்டில் வளர்ந்தாள். சூப்பர்வைசருக்கு மட்டும் எதிர்ச்சாரியில் வீடு உண்டு. இரண்டு அறை, உள்ளேயே தண்ணீர்க் குழாய், குழந்தைகள் இருக்கலாம். அந்த வேலை இப்போது காலியாகப் போகிறது. ஓட்டல்களும் மருத்துவமனைகளும் புகார்களை இங்கிலீஷில் அனுப்புவதால், வாசிப்புப் பரீட்சையில் தேறியவருக்குத்தான் அந்த நாற்காலி என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

"எப்பப்பா நான் அங்க வர்றது?" என்று போனில் கேட்பாள் மகள்.

"பரீட்சை முடியட்டும் பாப்பா."

"எனக்கா, உங்களுக்கா?"

"எனக்குத்தான்."

"நல்லா படிக்கிறீங்களா? அத்தைகிட்ட கேட்டா, உங்கப்பன் சின்ன வயசுல படிச்ச லட்சணம் எனக்குத் தெரியாதான்னு சிரிக்கிறாங்க."

பின்னால் அக்காவின் சிரிப்பும் கேட்கும். அவனும் சிரிப்பான். போனை வைத்ததும் நேரே புத்தகத்தை எடுப்பான்.

இந்தப் பரீட்சையில் எதிரி மொழி இல்லை, நேரம்தான். சும்மா உட்கார்ந்து படித்தால் யாருக்கும் பாதிக்கு மேல் புரிந்துவிடும். மணி அடிப்பதற்குள் புரிய வேண்டும் என்பதுதான் சிக்கல். அவன் பழைய செல்போனில் நேரம் வைத்துக்கொண்டு பலமுறை தோற்றபின் ஒரு வழியைப் பிடித்தான். பத்தியை முதலில் படிக்கக் கூடாது. கேள்வியை முதலில் படிக்க வேண்டும். அதில் எது முக்கியமான சொல்லோ அதை மனதில் பிடித்துக்கொண்டு பத்தியின் மேல் கண்ணை ஓடவிட வேண்டும், கூட்டத்தில் தன் பிள்ளையைத் தேடுகிற மாதிரி. மற்ற முகங்கள் எப்படி இருந்தால் என்ன? சொல் அகப்பட்டதும் நின்று, அந்த வரியையும் அடுத்த வரியையும் மட்டும் படித்து, பதிலை எழுதிவிட்டு மேலே போக வேண்டும். கேள்வி தயாரிக்கிறவர்களும் பெரும்பாலும் பத்தியின் வரிசையிலேயே கேட்டுக்கொண்டு போவதால் வேலை இன்னும் சுலபம். தேனீயைப் பற்றி ஒன்றும் தெரிந்துகொள்ளாமலே தேனீயில் முழு மதிப்பெண் வாங்கலாம்.

முழு என்று சொல்வது கொஞ்சம் கூடுதல். ஒருவகைக் கேள்வியில் மட்டும் அவன் ஓயாமல் சறுக்கினான். ஒரு வாக்கியத்தைக் கொடுத்து, பத்தியின்படி இது சரியா, தவறா, சொல்லப்படவில்லையா என்று கேட்பார்கள். சரி என்றால் அதற்கான வரி எங்கோ இருக்கும். தவறு என்றாலும் இருக்கும். தேடினால் அகப்படும். ஆனால் ஒரு விஷயம் சொல்லப்படவே இல்லை என்று சொல்வதற்குத் தேடினால் போதாது, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படித்திருக்க வேண்டும்.

அந்தக் கேள்விகளில் அவள் ஒன்றைக்கூட விட்டதில்லை. ஏனென்றால் அவளுக்கு வேறு மாதிரி படிக்கத் தெரியாது. ஆள்காட்டி விரலை முதல் சொல்லுக்கு அடியில் வைப்பாள். விரல் நகரும், உதடு நகரும், தலை நகராது. புரியாத இடத்தில் விரல் நின்று, கொஞ்சம் பின்னால் போய், மறுபடி வரும். கடைசிப் புள்ளியைத் தொட்ட பிறகுதான் கேள்விகளைப் பார்ப்பாள். அதற்குள் அவன் எல்லாவற்றையும் எழுதி முடித்து, பல் துலக்கி, சட்டையும் போட்டிருப்பான்.

"தேனீ செத்தே போயிருக்கும், நீ படிச்சு முடிக்கிறதுக்குள்ள."

"செத்தா செத்துட்டுப் போகுது. ஏன் செத்துச்சுன்னாவது எனக்குத் தெரியும். உங்களுக்கு அது தேனீயா ஈயான்னே தெரியாது."

"மார்க் வருதுல்ல?"

"வருது. நான் இல்லேங்கலையே."

அவர்களுடைய படிப்பு சலவைக்கூடம் முழுக்கத் தெரிந்த கதைதான். அதை அதிகம் கிண்டல் செய்தவர் ரோலர்காரர். படுக்கை விரிப்புகளைச் சூடான உருளைக்குள் விட்டுத் தேய்த்து எடுக்கிற பெரிய இயந்திரம் அவருடையது. நாளெல்லாம் குனிந்து நிமிர்ந்து அவர் இடுப்பு தேய்ந்துவிட்டிருந்தது. அவனுக்கு ஸ்டாப்வாட்ச் என்று பெயர் வைத்தவர் அவர்தான்.

"என்ன ஸ்டாப்வாட்ச், இன்னைக்குப் பாலம் நீண்டுச்சா, குறுகிச்சா?"

"நீண்டுச்சுண்ணே."

"எவ்வளவு?"

"அதைக் கேள்வில கேக்கலையே."

"கேட்டியா தங்கச்சி? உன் வீட்டுக்காரன் சாப்பாட்டுக்கு உக்காந்தாலும், இன்னைக்கு என்ன குழம்புன்னு கேட்டுட்டு அதை மட்டும் தொட்டுட்டு எந்திரிச்சிருவான்போல."

சாப்பாட்டு நேரத்தில் டப்பாவை முடித்ததும் ரோலர்காரர் துணிக் கிடங்குக்குள் போய்விடுவார். உலர்ந்து வந்த துணிக்குவியலில் வெதுவெதுப்பான ஒன்றாகப் பார்த்து அதன்மேல் மல்லாந்து படுப்பார். இடுப்புக்கு அது ஒத்தடம். ராஜா மெத்தை என்பார். வேலை மணி அடித்ததும் தானாக எழுந்து வருவார். அது எல்லோருக்கும் தெரியும், மேனேஜருக்கும்தான்.

பரீட்சைக்கு அவன் பணம் கட்டியபோது, அடுத்தமுறை அவளும் எழுதட்டும் என்று முடிவானது. இரண்டு பேர் முயன்றால் ஒருவராவது தேறலாம் அல்லவா? அன்றிலிருந்து அவன் அவளுக்குத் தன் வழியைப் பழக்க ஆரம்பித்தான்.

"விரலை எடு."

"விரல் என்ன பண்ணுச்சு?"

"அதுதான் உன்னை இழுத்துப் பிடிக்குது. கையைப் பின்னால கட்டு. படிக்காதே, தேடு."

முதலில் அவளுக்குத் தலை சுற்றியது. படகிலிருந்து கரையைப் பார்க்கிற மாதிரி எல்லாம் ஓடுகிறது என்றாள். அவன் விடவில்லை. நல்ல பொறுமைசாலி அவன். ஒரே பத்தியைத் திரும்பத் திரும்பக் கொடுத்து, ஒவ்வொரு முறையும் நேரத்தைக் குறைத்தான். கொஞ்ச நாளில் அவள் கண் ஓடப் பழகியது. கைகள் பின்னால் கட்டாமலே மடியில் சும்மா கிடந்தன. முதன்முதலாக மணி அடிப்பதற்கு முன் முடித்தபோது இருவரும் கட்டிலில் உட்கார்ந்தபடியே குழந்தைகள் மாதிரி கைதட்டினார்கள். சொல்லப்படவில்லை என்ற வகையில் மட்டும் அவளும் இப்போது தப்பு விட ஆரம்பித்திருந்தாள்.

"அது போனா போகட்டும்," என்றான். "மொத்தத்துல பாரு, எவ்வளவு ஏறியிருக்கு!"

பரீட்சைக்குக் கொஞ்சம் முன்னால் சலவைக்கூடத்துக்குப் புது ட்ரையர் வந்தது. நடந்ததைப் புரிந்துகொள்ளப் பழையதையும் புதியதையும் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும். எந்த ட்ரையரும் துணி உலர்ந்தவுடன் நிற்காது. சூடு அணைந்த பிறகும் சும்மா காற்றில் சிறிது நேரம் சுற்றும். துணியை ஆறவைப்பதற்காக அது சுற்றுகிறது. பழைய ட்ரையரின் கதவு அந்தச் சுற்று முடியும்வரை, என்ன இழுத்தாலும் திறக்காது. அதனால் அந்தக் கடைசிச் சுற்று எதற்கு என்று அங்கே யாரும் கேட்டதில்லை. கதவே அவர்களுக்காக யோசித்துக்கொண்டிருந்தது. புதியதில் கதவை முன்கூட்டியே திறக்க வழி இருந்தது. எப்படி, எப்போது, எந்தத் துணிக்குக் கூடாது என்பதெல்லாம் கூடவே வந்த இங்கிலீஷ் தாளில் இருந்தது. அந்தத் தாளை மேனேஜர் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு இயந்திரத்தின் பக்கவாட்டில் தொங்கவிட்டார். அதோடு அவர் கடமை முடிந்தது.

பரீட்சை நாளன்று அவனுக்கு விடுப்பு. ட்ரையரில் அவள் நின்றாள்.

அன்று காலையில் வந்தது ஒரு பெரிய ஓட்டலின் சமையலறைத் துணி. அடுப்படி துடைக்கும் துணிகள், சமையற்காரர்களின் ஏப்ரன்கள். எத்தனை முறை துவைத்தாலும் எண்ணெய் நூலுக்குள் கொஞ்சம் தங்கித்தான் இருக்கும். கைக்கும் கண்ணுக்கும் தெரியாது. பாதித் துணி உலர்வதற்குள் ஓட்டலிலிருந்து போன் வந்தது. விருந்து இருக்கிறது, வண்டி முன்னதாகவே வருகிறது என்றார்கள். மேனேஜர் வேகமாக வந்தார்.

"இதைச் சீக்கிரம் முடிக்க வழி இருக்காம்மா?"

"தெரியலையே சார். அவர்தான்…"

"அவன் இல்லையே. பேப்பர் தொங்குது பாரு. நீயும்தான் இங்கிலீஷ் படிக்கிறியாமே, ஊரே சொல்லுது. பாத்துச் சொல்லு. முன்னாடியே நிறுத்திக் கதவைத் திறக்க முடியுமா?"

அவள் உறையிலிருந்து தாளை எடுத்தாள். விரல் தன் பழக்கத்தில் முதல் வரியின் முதல் சொல்லுக்குப் போனது. மேனேஜர் வாட்சைப் பார்த்தார். அவள் விரலை எடுத்துவிட்டாள். கேள்வி இதுதான்: முன்னாடியே நிறுத்திக் கதவைத் திறக்க முடியுமா? நிறுத்துவது, கதவு, முன்னதாக. கண்ணை ஓடவிட்டாள். மூன்றும் ஒரே இடத்தில் அகப்பட்டன. அந்த வரியையும் அடுத்த வரியையும் படித்தாள். சிவப்புப் பொத்தானை விடாமல் அழுத்திப் பிடித்தால் கதவு திறக்கும்.

"முடியும் சார்."

"பலே!"

பொத்தானை அழுத்தினாள். கதவு திறந்தது. பதில் சரி. அதற்கு அடுத்த வரியில், எண்ணெய் பட்ட துணிகளுக்கு இதை ஒருபோதும் செய்யாதீர்கள் என்றும், அவற்றைச் சூட்டோடு குவித்து வைக்காதீர்கள் என்றும் எழுதியிருந்தது. அதை யாரும் கேட்கவில்லை.

அதே நேரத்தில் நகரத்தின் இன்னொரு மூலையில், வரிசையாக மேசை போட்ட ஒரு கூடத்தில், அவன் கடைசிப் பத்தியையும் முடித்துவிட்டு நிமிர்ந்தான். சுற்றிலும் எல்லோரும் இன்னும் குனிந்திருந்தார்கள். பேனாவை மூடியபோது அந்த இரண்டு அறை வீட்டில் மகளின் கட்டிலை எந்த ஜன்னலுக்கு அருகில் போடலாம் என்று யோசித்தான்.

எண்ணெய் காற்றோடு சேரும்போது தானாகவே சிறிது சூட்டை வெளிவிடும். துணியை விரித்துப் போட்டிருந்தால் அந்தச் சூடு அப்படியே பறந்துபோகும், நமக்குத் தெரியவும் தெரியாது. ஏற்கனவே சூடான துணியைக் குவித்து வைத்தால் கதை வேறு. குவியலின் நடுவில் பிறக்கும் சூட்டுக்கு வெளியே போக வழியில்லை. சூடு ஏற ஏற எண்ணெய் இன்னும் வேகமாகக் காற்றோடு சேர்கிறது. அதனால் சூடு இன்னும் ஏறுகிறது. வெளியே தொட்டுப் பார்த்தால் வெறும் வெதுவெதுப்பு. உள்ளே துணி பொரிந்து கருகத் தொடங்கியிருக்கும். தீ கண்ணில் படுவதற்கு வெகுநேரம் முன்பே புகை கசியும். தூங்குகிறவர்களை அந்தப் புகை இன்னும் ஆழமான தூக்கத்துக்குக் கொண்டுபோகும்.

முதல் குவியல்கள் வண்டியில் போய்விட்டன. வண்டி நிறைந்ததும் மிச்சம் கிடங்கில் கிடந்தது. சாப்பாட்டு நேரத்தில் கிடங்கில் இருந்ததிலேயே வெதுவெதுப்பான குவியல் அதுதான்.

"ஆகா, தங்கச்சி! இன்னைக்கு மெத்தை சொர்க்கமா இருக்கு," என்று உள்ளிருந்தே குரல் கொடுத்தார் ரோலர்காரர். "உன் வீட்டுக்காரனை டெய்லி பரீட்சைக்கு அனுப்பு."

அவள் சிரித்துக்கொண்டே கதவைச் சாத்தினாள், வெளிச்சம் அவர் கண்ணில் விழாமல் இருக்க.

மணி அடித்தது. ரோலர் தனியாக நின்றது. யாரோ கூப்பிட்டார்கள், யாரோ அவர் வயதைச் சொல்லிக் கேலி செய்தார்கள். கதவிடுக்கில் மஞ்சளாக ஏதோ கசிவதை முதலில் பார்த்தது அவள்தான். அவள் கதவைத் திறந்ததும் வெளிக்காற்று உள்ளே பாய்ந்தது. அதற்காகவே காத்திருந்த மாதிரி குவியல் குப்பென்று பிடித்துக்கொண்டது. அவள் அவருடைய காலைப் பிடித்து இழுத்தாள். கனம் தாங்கவில்லை. பாய்லர்காரர் ஓடிவந்து சேர்ந்து இழுத்தார். வெளியே கொண்டுவந்து போட்டபோது ரோலர்காரரின் முகம் கலையாமல் தூங்குகிறவர் முகமாகவே இருந்தது. அவள் கைகள் இரண்டும் முழங்கைவரை வெந்திருந்தன. அது அவளுக்கு வெகுநேரம் தெரியவில்லை.

அவன் பஸ்ஸிலிருந்து இறங்கியபோது வாசலில் தீயணைப்பு வண்டி நின்றது. மகளுக்குக் கொடுக்க வாங்கிய பென்சில் பெட்டி கையில் இருந்தது.

விசாரணைக்கு முன்னால் ரிசல்ட் வந்துவிட்டது. தேறிவிட்டான். மேனேஜர் அவனைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ரிசல்ட் பாத்தேன். வீட்டைப் பெயின்ட் அடிக்கச் சொல்லியிருக்கேன்."

"சார், அவ…"

"அவ மேல எனக்கென்ன கோபம்? விசாரணைல உள்ளதைச் சொல்லட்டும். பேப்பர் குடுத்தோம், அவளுக்குப் படிக்கத் தெரியும், படிச்சா. பொய் சொல்லச் சொல்லலையே நான்?"

அவன் அறைக்குத் திரும்பினான். அவள் கட்டுப்போட்ட இரண்டு கைகளையும் தலையணைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவன் சோறு பிசைந்து ஊட்டினான். ஊட்டிக்கொண்டே சொன்னான்.

"படிக்கத் தெரியாதுன்னு சொல்லிடு. இங்கிலீஷ் பேப்பரைக் குடுத்தார், எனக்கு ஒண்ணும் புரியல, அவர் அவசரப்படுத்தினார், அமுக்கினேன்னு சொல்லு. அப்ப தப்பு அவங்களோடது. படிக்கத் தெரியாதவகிட்ட பேப்பரைக் குடுத்தது யாரு?"

"அப்ப உங்க வேலை?"

"போகட்டும்."

"பாப்பா?"

அவன் அடுத்த கவளத்தை உருட்டினான்.

"எனக்குப் புரிஞ்சுதுங்க," என்றாள். "கேட்டது நல்லாவே புரிஞ்சுது. அதுக்கு அடுத்த வரிதான் படிக்கல. அந்த அண்ணன் வீட்டம்மா அவர் டிபன் டப்பாவை வாங்கிட்டுப் போக வந்தாங்க. கழுவிக் குடுக்கக்கூட எனக்குக் கையில்ல. அவங்க மூஞ்சியப் பாத்துட்டு, எனக்குப் படிக்கவே தெரியாதுன்னு எப்படிச் சொல்றது?"

"நான் சொல்லிக்குடுத்த படிப்புடி அது."

"நான்தானே படிச்சேன்."

விசாரணை அதிகாரி ஒல்லியான மனிதர், குரலை உயர்த்தாதவர். அவர் முன்னால் கேள்விகள் தயாராக அச்சடித்து இருந்தன, பதிலுக்குக் கட்டங்களோடு. அவள் ஏற்கனவே எல்லாவற்றுக்கும் உள்ளபடி சொல்லிவிட்டாள். இப்போது அவன் முறை.

"உங்க மனைவிக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியுமா?"

"தெரியும் சார். ஆனா அவ முன்னாடி படிச்ச மாதிரி படிச்சிருந்தா…"

"தெரியும். அடுத்தது. அந்தத் தாளில் எச்சரிக்கை இருந்ததா?"

"இருந்துது சார். அவளுக்கு முழுசாப் படிக்கிற பழக்கம்தான். நான்தான் அதை மாத்தினேன். பரீட்சைக்காக. அது எப்படின்னா சார், முதல்ல கேள்வியைப் படிச்சிட்டு…"

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொன்னாப் போதும்," என்றார் அதிகாரி, பொறுமையாகவே. "இருந்ததா, இல்லையா?"

"இருந்துது."

பேனா ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குப் போனது. மேனேஜர் என்ன கேட்டார், எதற்கு வாட்சைப் பார்த்தார், கிடங்கில் ஆள் படுப்பது தெரிந்தும் ஏன் விட்டார் என்பதற்கெல்லாம் கட்டம் இல்லை. அதிகாரி தன் வேலையைக் குறித்த நேரத்துக்கு முன்பே முடித்துவிட்டு எழுந்தார்.

அஜாக்கிரதையால் விளைந்த மரணம் என்று தீர்ப்பானது. கைக்கட்டுப் பிரித்த சில நாட்களில் அவளைச் சிறைக்கு அழைத்துப்போனார்கள். வண்டியில் ஏறும் முன் அவள் சொன்னது ஒன்றுதான். "பாப்பாவைக் கூட்டிட்டு வந்துடுங்க. பள்ளிக்கூடம் திறக்கப் போவுது."

மேனேஜர் கொடுத்திருந்த புது வீட்டுச் சாவியை அவன் திருப்பிக் கொடுக்கப் போனான். பாதி வழியில் அக்காவின் போன் வந்தது. மகள் பையை அடுக்கி வைத்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறாள் என்றாள் அக்கா. அவன் அங்கேயே தெருவில் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு திரும்பி நடந்து வீட்டைத் திறந்து தரையைக் கழுவினான்.

மகள் வந்தாள். குழாயைத் திறந்து மூடித் திறந்து பார்த்தாள். இரண்டு அறைகளுக்கும் நடுவில் ஓடினாள். அம்மா வேலையாக வெளியூர் போயிருப்பதாக அத்தை சொல்லி அனுப்பியிருந்தாள். அவன் அதை மறுக்கவும் இல்லை, ஆமாம் என்று சொல்லவும் இல்லை. கட்டிலை அவன் யோசித்திருந்த ஜன்னலுக்கு அருகிலேயே போட்டான். போட்ட பிறகுதான் கவனித்தான், அந்த ஜன்னலிலிருந்து பார்த்தால் சலவைக்கூடத்தின் கிடங்கு நேராகத் தெரிந்தது.

"அந்தச் சுவர் மட்டும் ஏன்ப்பா கறுப்பா இருக்கு?"

அதற்கு இரண்டே வார்த்தையில் பதில் இருந்தது. தீப் பிடித்தது. கேட்டதற்குச் சரியான பதில். அதைச் சொன்னால் அவளும் தலையாட்டிவிட்டுக் குழாயோடு விளையாடப் போய்விடுவாள்.

அவன் கட்டிலின் ஒரு முனையில் உட்கார்ந்தான். அவளை இன்னொரு முனையில் உட்காரச் சொன்னான்.

"பெருசா சொல்லணும்டா. நடுவுல எந்திரிச்சுப் போகக் கூடாது."

"சரிப்பா."

"அம்மா எப்படிப் படிப்பாங்கன்னு உனக்குத் தெரியுமா?" என்றான். தன் ஆள்காட்டி விரலை நீட்டி, கோடுபோட்ட போர்வையின் ஓரத்தில், முதல் கோட்டுக்கு அடியில் வைத்தான்.